இருபத்தேழில் ஒரு சிப்பி

மூன்றின் தலையில் சின்னதாக இன்னொரு மூன்று போட்டிருந்தால் விடை ஒன்பது என்று என் இளையமகள் எழுதியிருக்கிறாள். நேற்றும் அதே ஒன்பது. "மூண்டு மூண்டு ஒன்பதுதானே அப்பா, ஏன் கத்துறீங்கள்?" என்கிறாள். இதை வாசிக்கிற பிள்ளைகளே, நான் கத்தியது உண்மைதான். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே சவர்க்காரம் வைத்திருக்கிற பழைய முத்துச்சிப்பியைக் கண்டதும் மூக்குக்குள் ஒரு நாற்றம் ஏறியது.

வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பு நாற்றம் அது. சிலாபத்துறைக் கரையில் முத்தெடுக்கச் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவார்கள். சோற்றிலும் அந்த மணந்தான். அந்த வருடம் அக்காவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. தோட்டுக்கு இரண்டு முத்து வேண்டும். அப்பா கடலில் முழுகிச் சிப்பி எடுக்கப் போனார், நான் சிப்பி சுமக்கப் போனேன்.

பங்கு இப்படி: குவியலை மூன்றாக்கி இரண்டை அரசாங்கம் எடுக்கும். மிஞ்சியதை வள்ளத்தில் முழுகிய மூன்று கூட்டங்கள் பிரிக்கும். ஒரு கூட்டத்துக்கு வந்ததை மூன்று பேர் பிரிப்பார்கள். அதில் ஒருவர் அப்பா. மூன்று மூன்றுகளைக் கூட்டினால் ஒன்பது, ஆகவே ஒன்பதில் ஒன்று எங்களுக்கு என்று பெரிய படிப்பாளிபோல் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவள் அயலெல்லாம் சொல்லிவிட்டாள்.

கிடைத்ததோ சாக்கின் மூலையில் கொஞ்சம்.

"அப்பா, எங்கட பங்கைக் களவெடுக்கிறாங்கள்."

"வாயைப் பொத்தடா. ஆரும் கேட்டா நாளைக்கு வள்ளத்திலே ஏத்தமாட்டாங்கள்."

பக்கத்து வள்ளத்து மீரானுக்கு என் வயதுதான். இரண்டு நாளாக என் புலம்பலைக் கேட்டுச் சலித்தவன், வெறுஞ்சிப்பிகளை மணலில் கொட்டினான்.

"இருபத்தேழு கிடக்கு மச்சான். நீயே பிரி."

பிரித்தேன். ஒன்பது வந்தது. அதைப் பிரிக்க மூன்று. பிறகு கையில் ஒன்றே ஒன்று.

"இப்ப ஆர் கள்ளன்?" என்றான்.

மூன்றுகள் கூடவில்லை, ஒன்றையொன்று பெருக்கின. தலையில் இருக்கிற சின்ன எண் சொல்வது அதைத்தான். வாத்தியார் இதைச் சிப்பியில் காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

எங்கள் பங்கு முழுவதையும் அரித்ததில் ஒரு முத்துத்தான் அகப்பட்டது. காதோ இரண்டு. கலியாணத்தன்று அக்கா வெறுந்தோட்டோடு கோயிலுக்குப் போனாள். அந்த ஒற்றை முத்து, கோயிலில் இருந்த மாதாவின் சுரூபத்துக்குக் காணிக்கையாகப் போனது. என்னோடு அவள் கதைக்க நெடுநாள் எடுத்தது.

இவ்வளவையும் சொல்லி, கிணற்றடிச் சிப்பியைக் கழுவி மகளின் முன் வைத்தேன்.

"மற்ற இருபத்தாறையும் தாங்கோ அப்பா, பிரிச்சுப் பாக்கிறன்."

அந்தக் கரையில் இப்போது முழுகுகிறவர்களும் இல்லை, குவியலும் இல்லை. பதிலுக்கு இருபத்தாறு புளியங்கொட்டை பொறுக்கிக் கொடுத்தேன்.