பச்சைக் கையெழுத்து

வவுனியாவில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த அவர் எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டில் இருப்பார். வெளிநாட்டு விளையாட்டு சீடிகளைக் கள்ளமாகப் பிரதி எடுத்து விற்பதுதான் தொழில். ஒவ்வொரு பிரதியிலும் பச்சை மையால் தன் கையெழுத்தைப் போட்டு, ஊதிக் காயவைத்துத்தான் தருவார்.

ஆமி தரும் பாஸ் இல்லாமல் பக்கத்து ஓமந்தைக்கும் போகமுடியாத அந்தப் போர்க்காலத்தில், யாரும் மறிக்காத தெருவில் கார் ஓட்டும் விளையாட்டு எனக்குப் பெரிய சந்தோசம். அவரிடம் வாங்கிய அந்த சீடியை, என்னோடு வேலை செய்தவரின் கொம்பியூட்டரிலும் போட்டுக்கொடுத்தேன். அந்த மனுசன் கடையில் போய் அதைச் சொல்லிவிட்டார்.

அடுத்தமுறை நான் போனபோது, கடை நிறைய ஆட்கள்.

"பாத்தா அப்பாவி மாதிரி இருக்கிறியள் அண்ணை! என்ர சீடியைக் குடுத்து என்ர பிழைப்பைக் களவெடுக்கிறியளோ?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திருப்பிக் கேட்டேன்.

"இந்த விளையாட்டைச் செய்தவனிட்ட நீங்கள் கேட்டனீங்களோ?"

"அவன் எங்கயோ வெளிநாட்டில இருக்கிறான். நான் உங்கட கண்ணுக்கு முன்னால நிக்கிறன்."

ஆட்கள் சிரித்தார்கள். நான் கடையை விட்டு இறங்கி வந்தேன்.

கள்ளன் என்னைக் கள்ளன் என்றானே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த விளையாட்டைச் செய்தவரின் பெயர் எனக்கும் தெரியாது. அந்தப் பச்சைக் கையெழுத்துத்தான் இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது.