பிரமிட்டுக்கு அடித்த முளைகள்

ஈர மண்ணில் முளை பிடுங்கிய ஓட்டையும், அதிலிருந்து நாலு விரல் தள்ளிப் புதிதாக அடித்த முளையும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. தொண்ணூறுகளின் நடுவில், ஒக்லாந்து நகரத்தின் மனுகாவ் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரின் தோட்டம். மனைவியின் சாம்பலை வைக்க, எகிப்தில் இருப்பதுபோல ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பிரமிட் கேட்டார். உச்சிக்கல்லை முன்கூட்டியே வெட்டுவித்து வைத்திருந்தார். நாலு விளிம்பும் ஏறிவந்து அந்தக் கல்லில் சேராவிட்டால் மறைக்க வழியில்லை. என் சொந்தப் பெயரில் நான் எடுத்த முதல் ஒப்பந்தம் அது. பிசகினால் ஒக்லாந்தில் ஒருவரும் எனக்கு வேலை தரமாட்டார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பட்டம் படித்த இன்ஜினியர்மாரே என் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் போயிருக்கிறார்கள். நாலு பக்கமும் ஒரே அளவு வரும்படி நானே நாடா பிடித்து முளை அடித்தேன். மறுநாள் காலை இரண்டு முளைகள் நகர்ந்திருந்தன. அளந்தேன், அப்போதும் நாலு பக்கமும் சமம். பிறகு எதற்கு நகர்த்த வேண்டும்? அதுதான் என்னைக் குடைந்தது.

சந்தேகம் மேஸ்திரிமேல் விழுந்தது. தமிழ்நாட்டுக்காரர், என்னிடம் சம்பளத்துக்கு நின்றவர். மத்தியானத்தில் பெரியவர் கொண்டுவரும் பிரமிட் புத்தகத்தை இருவரும் குனிந்து பார்ப்பார்கள், கையால் ஏதோ கதைப்பார்கள். “ஒரு முழம் ஏறினா எத்தனை விரல் உள்ள தள்ளணும்னு எகிப்துக்காரன் கணக்கு வச்சிருக்கான் முதலாளி. அந்தச் சரிவு மாறாம இருந்தாத்தான் உச்சி கூடும்” என்று வந்து எனக்கே பாடம் எடுப்பார். என் வேலையைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் முளைகளைப் பழைய இடத்தில் அடித்தேன். மறுநாள் மறுபடி நகர்ந்திருந்தன. நானும் விடவில்லை, திரும்ப மாற்றினேன்.

அத்திவாரத்துக்குக் கொங்கிரீட் வரும் காலையில் நேரத்தோடு போய் மேஸ்திரியைப் பிடித்துவிட்டேன். மூலைக்கு மூலை கயிறு பிடித்தபடி குனிந்திருந்தார்.

“என்ன காணும், என்ரை வேலையைக் கெடுக்கவோ இவ்வளவு வெள்ளன வந்தனீர்?”

“குறுக்க அளந்து பாருங்க முதலாளி. அப்புறம் திட்டுங்க.”

அளந்தேன். ஒரு குறுக்கைவிட மற்றது ஆறு விரல் கட்டை. நாலு பக்கமும் சமம்தான், ஆனால் சதுரமில்லை, நெளிந்த பெட்டி. அதன்மேல் கட்டியிருந்தால் உச்சிக்கல் பொருந்தியே இராது.

“இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“மட்டம் தப்புன்னு சொன்ன கொத்தனாரைப் போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்புனீங்க. என் விசாவுக்கு உங்க கடிதம் வேணுமே.”

முளைகளைப் பிடுங்கி அவர் காட்டிய இடத்தில் அடித்தேன்.

உச்சிக்கல் இறங்கிய நாளில் நாலு விளிம்பும் கோடு இழுத்ததுபோல அதில் போய்ச் சேர்ந்தன. பெரியவர் கண் கலங்கி, மூலைகளை இவ்வளவு துல்லியமாகக் குறித்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். பக்கத்தில் மேஸ்திரி கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் விளங்காது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பிரமிட்டைக் காட்டியே எல்லர்ஸ்லியில் அலுவலகக் கட்டட ஒப்பந்தம் வரைக்கும் பிடித்தேன். இன்று என் பெயர் எழுதிய லொறிகள் ஐந்து ஓடுகின்றன. எந்த அத்திவாரமானாலும் முதலில் குறுக்கேதான் அளக்க வைக்கிறேன். அது என் கண்டுபிடிப்பு என்று என் ஆட்கள் நம்புகிறார்கள். உச்சிக்கல் இறங்கியதற்கு அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி வேலைக்கு வரவில்லை. ஒடாஹுஹுவில் அவர் இருந்த அறையைத் தேடிப் போனேன்; காலிசெய்துவிட்டார் என்றார்கள். நான் எழுதி வைத்திருந்த விசாக் கடிதத்தைக்கூட அவர் கேட்டு வரவில்லை.