ஒரே அறையில் நாலு அறை

தாயம்மாளைப் பற்றி எங்கள் லைனில் யாரைக் கேட்டாலும் புகழ்ந்துதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் மூன்று வருஷம் இருந்து வயிறெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நானே சொல்கிறேன்.

தாது வருஷப் பஞ்சத்தில் குடியாத்தம் பக்கம் பிறந்தவள். புருஷன் இங்கே தங்கச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் வேலைக்கு வந்தான். அவளும் ஒரு பானையும் ஒரு பாய்ச்சுருட்டுமாகக் கூடவே வந்தாள். லைன் வீடு என்றால் சுரங்கக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்டது; மூங்கில் தட்டி, ஒரே அறை. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருந்த தட்டி கூரை வரைகூட எட்டாது. அவள் மிளகாய் தாளித்தால் எனக்குக் கமறும்.

அந்த ஒற்றை அறையைத்தான் மகராசி நாலு அறையாக்கினாள். சுவர் எழுப்பியா? இல்லை, விரிப்புப் போட்டு! வாசலை ஒட்டிச் சாக்கு. ஷிப்டு முடிந்து வருகிறவன் கால் சேற்றை அதிலேயே விட வேண்டும். நடுவில் ஈச்சம்பாய், வந்தவர் உட்காரலாம், சோறு சிந்தினால் உதறிவிடலாம். மூலையில் பிள்ளை தூங்கச் சிவப்புக் கோடு போட்ட ஜமுக்காளம். அடுப்படியில் மட்டும் வெறும் தரை. "நெருப்பு தெறிக்கிற எடத்துல விரிப்பு எதுக்குக்கா?" என்பாள். எதை எங்கே போடலாம் என்பதைக் கண்ணால் பார்க்க மாட்டாள். வெறுங்காலால் மிதித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத்தான் சொல்வாள்.

லைன் பெண்கள் எல்லாம், "எங்க வூட்டுக்கு இன்னா போடலாம், வந்து பாரு தாயி" என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு முன்னாலேயே வந்தவள் நான். என்னை ஒரு நாய் கேட்டதா? போகட்டும் என்றால், என் புருஷன் முனிரத்தினமும் ஒருநாள், "தாயம்மா வூட்ல கால் வெச்சா எப்டி கீது பாத்தியா மங்கம்மா?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குக் கம்பளி வேணும். அவகிட்ட இல்லாத கம்பளி" என்றேன்.

முனிரத்தினத்துக்குச் சுரங்கத்துக் கல்லை இடிக்கும் மில்லில் வேலை. இடித்த கல்லைத் தண்ணீரோடு கம்பளிமேல் ஓடவிடுவார்கள். தங்கப்பொடி அந்த ரோமத்தில் தங்கிவிடும். அலசி எடுத்தாலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று, பழங்கம்பளியை எரித்துச் சாம்பலையும் சலிப்பார்கள். அதில் ஒரு கிழிசல் வெளியே போனாலும் திருட்டுத்தான். எல்லாம் தெரிந்துதான் கேட்டேன். மூன்று நாள் அவனிடம் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு கம்பளித் துண்டை வேட்டிக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"தெரிஞ்சா ஜெயிலுடி."

"ரெண்டு மொழம் பழங்கம்பளி. எவன் பாக்கப் போறான்?"

விரித்தேன். நானே போய்த் தாயம்மாளைக் கூட்டிவந்தேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டுமே! கம்பளிமேல் ஒரு கால் வைத்தாள், கட்டைவிரலால் தேய்த்தாள். நான் நினைத்தபடியே முகம் மாறியது.

"அக்கா, இது மில்லு கம்பளி. நறநறங்குது. இன்னிக்கே கொளுத்திடுங்க."

"உங்கிட்ட இல்லாதது எங்கிட்ட கீதுன்னு வயித்தெரிச்சலாடி?"

கட்டைவிரலை வாசல் மண்ணில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ருசித்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில், ஆண்கள் ஷிப்டுக்குப் போன நேரம், வாட்ச்மேன்கள் லைனில் வீடு வீடாகச் சோதனை போட வந்தார்கள். முதல் வீட்டில் பானை உருளும் சத்தம் கேட்டது. கம்பளியைச் சுருட்டித் தட்டிக்கு மேலே எறிந்தேன். அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. அவளிடம்தான் இத்தனை விரிப்பு இருக்கிறதே, அதோடு இதுவும் கிடக்கட்டும் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

அவள் கையில் எடுப்பதற்குள் வாட்ச்மேன்கள் உள்ளே போய்விட்டார்கள். கம்பளியை வெளியே இழுத்துவந்து, இது ஏது என்று அவளைக் கேட்டார்கள். வாசலில் நின்ற என்னை ஒருதரம் பார்த்தாள்.

"வாய்க்கா ஓரமா கெடந்துச்சி. தூக்கியாந்தேன்" என்றாள்.

அவள் புருஷனுக்கும் மில்லுக்கும் சம்பந்தமில்லை என்பதால் ஜெயில் தப்பியது. ஆனால் வேலை போயிற்று. பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

மூட்டை கட்டும்போது போய் நின்றேன். "ஏன்டி என்னக் காட்டிக் குடுக்கல?"

"உங்க வூட்டுக்காரரு மில்லு ஆளு. அங்க கெடைச்சிருந்தா ஜெயிலு. எங்களுக்கு வேலதானே போச்சி?" என்றாள். பிறகு ஜமுக்காளத்தை மடித்து என் கையில் வைத்தாள். "உங்க பொண்ணு வெறுந்தரையில படுக்குது. போடுங்க. அடுப்புப் பக்கம் மட்டும் போடாதீங்க."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், பாவி! மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அதிலும் அவளே ஜெயித்துவிட்டுப் போனாள். பூதிகோட்டைப் பக்கம் களையெடுக்கிறாள் என்று கேள்வி.

வருஷம் ஆறாகிறது. ஜமுக்காளம் என் வீட்டு மூலையில்தான் கிடக்கிறது, என் மகள் அதில்தான் தூங்குகிறாள். வருகிறவர்கள் எல்லாம், "இது தாயம்மாளுதாச்சே! உனக்கு எதுக்குக் குடுத்துட்டுப் போனா?" என்று கேட்கிறார்கள்.

"பாசந்தான்" என்று சொல்லிவிட்டு, விரிப்பில்லாத அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.