செல்வி அக்கா வீட்டு மேல் பூங்கா

வீடு வீடாகப் போய் டேப்லெட்டில் விவரம் ஏற்றும் பிழைப்பில் நாய்க்கடியையும் "ரேஷன் கார்டு எப்ப வரும்?" என்ற கேள்வியையும் தாங்கிய சக தொழிலாளிகளே, உங்கள் முருகன் சொல்லும் இதையும் கேளுங்கள்.

விரலால் தேடிய வீடு

திருவனந்தபுரத்தில் எங்கள் வார்டுக்கு ஓர் ஆப் விட்டார்கள். யாருக்கு எங்கே என்ன வேண்டுமோ, ஜனங்களே வரைபடத்தில் தொட்டுச் சொல்லலாம். பழவங்காடி ஓட்டலில் பாத்திரம் கழுவும் செல்வி அக்கா, தன் சந்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கேட்க என்னிடம் வந்தார். வரைபடத்தில் ஓட்டல் இருந்தது, கோயில் இருந்தது. சந்து இருக்க வேண்டிய இடம் பச்சையாகக் கிடந்தது. மேலே 'உத்தேசப் பூங்கா' என்று எழுத்து! கொத்தனார், சித்தாள், ஓட்டல் வேலைக்காரர் என்று தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் சந்து அது. அக்கா திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, நான் குடியிருக்கும்போதே வீட்டு மேல புல்லு மொளச்சிருக்கு!"

பூட்டிய கதவு

ஆபீசுக்கு ஓடினேன். கணக்கெடுக்கப் போனவர்கள் எப்போதும் முற்பகலில்தான் போயிருக்கிறார்கள். அந்நேரம் கொத்தனார் சாரத்தில் நிற்பார், அக்கா ஓட்டல் தொட்டியடியில் நிற்பார். வீட்டில் யார் இருப்பார்கள்? 'பூட்டு' என்று பதிந்திருக்கிறார்கள். அடுத்தடுத்துப் பூட்டு விழுந்தால் 'ஆள் இல்லை' என்று ஆப் தானே மாற்றிக்கொள்ளுமாம்! காலி இடத்துக்குப் பூங்கா வேண்டுமென்று பக்கத்து ஃபிளாட்காரர்கள் ஓட்டும் போட்டாயிற்று. அடப்பாவிகளா!

"அங்க குடும்பங்கள் இருக்கு மேடம், பூங்காவுக்குன்னு இடிச்சா எங்க போவாங்க?" என்றேன். சூப்பர்வைசர் பிந்து மேடம் டீயை உறிஞ்சிக்கொண்டே தன் மலையாளத் தமிழில் சொன்னார்:

"சந்துலேந்து ஆட்சேபம் ஒண்ணும் வந்தில்லல்லோ முருகா, அதும் டேட்டா தன்னே!"

பூங்காவுக்குள் என்ன சேர்க்கலாம்

ஓட்டலுக்கும் லீவு, எல்லாரும் வீட்டில் இருக்கும் ஞாயிறு மத்தியானம் போய், வாசல் வாசலாக ஏற்றப் பார்த்தேன். ஆப் விடவில்லை. பூங்காவுக்குள் வீடு சேர்க்க முடியாதாம். மரம், விளக்கு, பெஞ்சு மட்டும்தானாம். மனுஷர்கள் கண்முன்னால் நிற்கிறார்கள், இந்தச் சனியன் இல்லை என்கிறது! சந்தே என் முகத்தைப் பார்த்து நின்றது. அக்காதான் வழி சொன்னார்.

"அப்ப எங்கள பெஞ்சுன்னே போடுங்க தம்பி. பெஞ்ச யாரும் இடிக்க மாட்டாங்கல்லா?"

வீட்டுக்கொரு பெஞ்சு போட்டேன். குடும்பங்கள் இருக்கின்றன என்று நான் கத்தியபோது அசையாத ஆபீஸ், ஒரே சந்தில் எதற்கு இத்தனை பெஞ்சு என்று பார்க்க நாளைக்கு ஜீப் எடுத்துக்கொண்டு வருகிறது.