ஸ்விங் வட்டத்தில் எனக்கென்று ஓர் அடி

ஒன்பது வயதில் நான் பயந்தவை மூன்று: லிப்ட், கரப்பான் பூச்சி, கொட்டாஞ்சேனையில் சனிக்கிழமை பின்னேரத்து வட்டம். லிப்டுக்குப் பதில் படி இருந்தது. கரப்பானுக்கு அக்கா இருந்தாள். வட்டத்துக்கு மாற்று வழி இருக்கவில்லை.

அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் ஸ்விங் நடனம் பழகினோம். வகுப்பு முடிவில் எல்லோரும் கைதட்டியபடி வட்டமாக நிற்போம். பாட்டின் ஓரிடத்தில் வாத்தியங்கள் சட்டென்று நின்றுவிடும். நாலு எண்ணிக்கைக்கு ஒருமுறை ட்ரம்மில் ஒரு தட்டு மட்டும் விழும். அந்த வெறுமைக்குள் ஒருவர் போய்த் தனியே ஆட வேண்டும். வகுப்பில் பழகியது எதுவும் கூடாது.

"அதெல்லாம் என்ட ஸ்டெப், மகள். உன்ட எங்க?" என்பார் டீச்சர்.

நான் எல்லா அடிகளையும் இலக்கமிட்டுக் கொப்பியில் எழுதுபவள். "இவ காலால ஆடுறேல்ல, கொப்பியால ஆடுறா" என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்று சனிக்கிழமைகள் நடுவில் மரம் போல நின்றேன். இன்னொரு முறை நின்றால் டிசம்பரில் தேவாலயத்து நத்தார் விழாவில் திரை இழுக்க மட்டும்தான் விடுவேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"சும்மா நடக்கிற ஆக்களைப் பார். எல்லார்ட்டயும் ஒரு ஸ்டெப் இருக்கு."

பார்த்தேன். அக்கா செருப்பை இழுத்து நடந்தாள். அப்பா அதிகம் நடப்பதேயில்லை. அம்மாவிடம்தான் அது இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த அம்மா, வலது குதிகால் உயர்ந்தபடியே நின்றார். இடது கை பின்னால் போய், உள்ளங்கை விரிந்து, பின்னால் வந்த என்னைச் சுவரோடு தள்ளியது. நாலு எண்ணிக்கை. பிறகு கால் பெருவிரல் மட்டும் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது. வந்தவர் தண்ணீர் மீற்றர் பார்ப்பவர்.

இவ்வளவு அழகான அடியை நான் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. ஆனால் கணுக்கால் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கவனிக்கத் தவறிவிட்டேன். அக்காவை வெளியே போய்த் தட்டச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே?"

"ஒரேயொருக்கா, அக்கா. பலமாத் தட்டு."

தட்டினாள். மறுநாளும் தட்டினாள். மூன்றாம் நாள் அம்மா என்னை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் தள்ளி, வாயைப் பொத்தினார். விரல்கள் குளிர்ந்திருந்தன. வெளியே அக்கா சிரித்துவிட்டாள். அம்மா கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"இனி இப்பிடித் தட்டாதேங்கோ, பிள்ளையள்."

ஏசவில்லை. ஆகவே பெரிய விஷயமில்லை என்று எடுத்துக்கொண்டேன். கணுக்கால் உள்பக்கம் சாய்ந்தது என்று கொப்பியில் எழுதினேன்.

எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, நான் தூங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், அப்படித் தட்டித்தான் அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். பதினொரு நாள் கழித்துத்தான் விடுவித்தார்கள். பல்கலைக்கழகம் போன பிறகுதான் எனக்கு இது தெரிய வந்தது. அக்காவைத் தட்டவைத்த அந்த வாரம் எனக்கிருந்த பெரிய பயம் வட்டம்தான்.

சனிக்கிழமை அம்மாவோடு பஸ்ஸில் புறக்கோட்டை வரை கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்தேன். என் முறை வந்தது. வாத்தியங்கள் நின்றன. முதல் தட்டு பலமாக விழுந்தது.

குதிகால் உயர்த்தி நின்றேன். கையைப் பின்னால் விரித்தேன். நாலு எண்ணிக்கை. அடுத்த தட்டுக்குப் பெருவிரலை இறக்கினேன். மண்டபத்தில் ஒரே கூச்சல்.

"அடியே! இதுதான் உன்ட ஸ்டைல்! விடாத, ஆடு!" என்று டீச்சர் கத்தினார்.

பெருமையோடு அம்மாவைத் தேடினேன். சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைதட்டவில்லை. குதிகால் உயர்ந்திருந்தது. இடது கை பின்னால் போயிருந்தது. அந்தக் கைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நான் அவருக்கு முன்னால் அல்லவா நின்றேன். அவருடைய கை என்னுடையதைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தது.

எனக்குத் திருத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்த தட்டுக்கு நானும் கையைத் தாழ்த்தினேன்.