பெரிய வண்டியும் எங்க முட்டுச்சந்தும்

என் வீட்டுக்காரர் முடி வெட்டுறவர். கை அவ்வளவு சுத்தம். கத்தி காதோரம் போனாலும் தூங்குற பிள்ளை முழிக்காது. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் எருமைக்குச் சக்கரம் வச்ச மாதிரி ஒரு பைக்கை வாசல்ல கொண்டாந்து நிறுத்தினார். ரெண்டு பக்கமும் பெட்டி, பின் சீட்டுக்குச் சோபா மாதிரி சாய்மானம். தொலைதூரம் போறவங்க வாங்குற வண்டியாம்.

"நாம ரெண்டு பேரும் மலைக்குப் போறோம்"னார்.

எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து வீட்டை விட்டா சலூன், சலூனை விட்டா வீடு. ஆனா எங்க தெரு முட்டுச்சந்து. உள்ள வந்த வண்டி தெருக்கோடியில திரும்பித்தான் வெளிய போகணும். நேர் ரோட்டுல இவர் ராஜா. மெதுவா திருப்பணும்னா போச்சு. வண்டி கொஞ்சம் சாயும், இவர் பதறிப்போய்க் காலை ஊனுவார், ஊனினதும் வண்டி இன்னும் சாயும், அப்புறம் ரெண்டும் சேர்ந்து படுத்துக்கும். படுக்கிற இடம் கோடி வீட்டுத் தையல்காரியோட பூந்தொட்டி. அவளும் பாவம், பைக் சத்தம் கேட்டாலே தைக்கிறதை விட்டுட்டு ஓடி வருவா. "அண்ணே, ஒரு நிமிஷம், தொட்டியை உள்ள வச்சுடறேன்."

நான் தீர்மானமா சொல்லிட்டேன். "கால் தரையில படாம இந்தக் கோடியில திருப்பிக் காட்டுங்க, ஏறுறேன். அதுவரைக்கும் அந்தச் சோபாவுல உங்க கத்திரிக்கோலை உட்கார வச்சுக்கிட்டுப் போங்க."

மனுஷன் முகம் வாடிப்போச்சு. அதுக்காக விடலை. போன்ல பார்த்துப் பார்த்துப் படிச்சார். கிளட்சைப் பாதி விடணும், பின் பிரேக்கை லேசா மிதிக்கணும், ஆக்சிலேட்டரைச் சட்டுனு விட்டுடக் கூடாது. எல்லாம் ஒழுங்கா செஞ்சார், ஒழுங்கா போய்த் தொட்டியில விழுந்தார்.

என்னதான் கோளாறுன்னு ஒரு நாள் தையல்காரி வீட்டுப் படியில உட்கார்ந்து கவனிச்சேன். அடக் கடவுளே, இந்த ஆளு ரோட்டையே பார்க்கலை. வண்டியோட பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறார். சலூன்ல நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே பேசிப் பழக்கம். வீட்டுல "சாப்பிட்டியா"ன்னு கேட்கிறதுகூட பீரோ கண்ணாடியில தெரியுற என்கிட்டதான்.

சலூன் துண்டை எடுத்துக் கண்ணாடி ரெண்டுக்கும் முக்காடு போட்டேன். உடனே தொட்டியைப் பார்க்க ஆரம்பிச்சார்.

"எங்க பார்க்கிறீங்களோ அங்கதானே போகும்? போக வேண்டிய பக்கம் பாருங்க."

"அங்க பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?"

எனக்கு வந்த கோபத்துக்கு, "நான் நிக்கிறேன். என்னைப் பாருங்க"ன்னேன்.

தெருவுல வேண்டாம்னு, மார்க்கெட் பின்னாடி லாரி நிறுத்துற மைதானத்துக்குப் போனோம். அவர் வண்டியில, நான் நடந்து. நான் ஒரு ஓரமா நின்னேன். என்னைப் பார்த்தார், வண்டி அழகா வளைஞ்சுது. வளைஞ்சு நேரா என் மேலயே வந்துது. "ஐயோ, போதும், அந்தப் பக்கம் பாருங்க"ன்னு ஓடினேன். அவர் நான் முதல்ல சொன்ன பேச்சையே பிடிச்சுக்கிட்டார், கண்ணை என் மேலேர்ந்து எடுக்கவே இல்லை. நான் இடது பக்கம் ஓடினா வண்டி இடது பக்கம். வலது பக்கம் ஓடினா அதுவும். புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மைதானம் முழுக்கச் சுத்தினேன். ஒரு தடவைகூட அவர் கால் தரையில படலை. லாரிக்காரங்க டீ குடிக்கிறதை நிறுத்திட்டுப் பார்த்தாங்க. எங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு நினைச்சிருப்பாங்க.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தலைகால் புரியலை. "கோடியில போய் நில்லு, திருப்பிக் காட்டுறேன்"னார்.

"நல்லா இருக்கே. மலையில ஒவ்வொரு வளைவுக்கும் நான் முன்னாடி ஓடவா?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வண்டியைத் துடைக்க ஆரம்பிச்சார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கலை. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, அந்தப் பாழாப்போன சோபாவுல ஏறி உட்கார்ந்துட்டேன். வண்டி கோடிக்கு வந்துது. தையல்காரி தொட்டிகளை எடுத்துட்டா.

"இப்போ யாரைப் பார்க்க?"ன்னார்.

"நான் பின்னாடிதானே இருக்கேன். கழுத்தைத் திருப்பிப் பாருங்க."

தோளுக்கு மேல கழுத்தை நல்லா வளைச்சு என்னைத் தேடினார். வண்டியும் அந்தப் பக்கமே வளைஞ்சுது, சாஞ்சுது. நான் கண்ணை மூடிக்கிட்டேன். சர்ருனு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தா வண்டி தெருவைப் பார்த்து நேரா நிக்குது.

"அக்கா, கால் தரையில பட்டுச்சே"ன்னா தையல்காரி.

பட்டது என் கால். பயத்துல நானே ஊனியிருக்கேன், செருப்பு பாதி தேய்ஞ்சுபோச்சு. அவர் மெதுவா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ கணக்குல வராதா?"

"பந்தயம் வச்சது நான். என் காலை நான் சேர்க்கலை"ன்னேன்.

"சரி, அப்போ இறங்கு. துணிமணி எடுத்து வச்சுக்கிட்டு நாளைக்குக் கிளம்பலாம்."

"துணி போற வழியில வாங்கிக்கலாம். வண்டியை எடுங்க. இப்போ இறங்கினா மறுபடி ஏற எனக்குத் தைரியம் வராது."