ராத்தா சிரித்த கச்சான் காலம்

ராத்தாவின் இத்தா முடிந்த அதே வாரத்தில் கச்சான் வீசத் தொடங்கியது. தலாக் ஆன நாளிலிருந்து மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வராதவள் அன்று முற்றத்தில் இறங்கி நின்றாள். காய்ந்த வயல்களைத் தாண்டி மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று, பத்து மணிக்கெல்லாம் எங்கள் சாய்ந்தமருது வளவுகளுக்குள் புகுந்துவிடும். வாய்க்குள் மணல் நறநறக்கும், உதடு வெடிக்கும். கொடியில் போட்ட உடுப்பு, திரும்பி வந்து பார்ப்பதற்குள் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். ஊரே கச்சானைத் திட்டிக்கொண்டிருக்க, ராத்தா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அதற்குக் கொடுத்தபடி நின்றாள்.

"உள்ளுக்க வா புள்ள, மொகம் கறுத்துப்போகும்" என்று உம்மா குசினி அடுப்படியிலிருந்து கத்தினா.

"மூணு மாசமாக் காத்தே படல்ல உம்மா. கொஞ்சம் சுடட்டும்" என்றாள் ராத்தா.

எனக்கு அப்போது பதினேழு வயது. வீட்டின் இரண்டு பெண்பிள்ளைகளில் மூத்தவள் ராத்தா, என்னைவிடப் பத்து வயது மூப்பு. அவளுடைய மாப்பிள்ளை பக்கத்து ஊர்க்காரர், துணி வியாபாரி. ஆறு வருடம் எங்கள் வளவில் இருந்தார். பிள்ளை இல்லை. பிறகு மலைநாட்டுப் பக்கம் கடை எடுத்தார். வருவது மாதம் ஒருமுறை என்றாகி, பெருநாளுக்குப் பெருநாள் என்றாகி, கடைசியில் காதியார் மூலம் ஒரு தலாக் கடிதம் மட்டும் வந்தது.

எங்கள் கரையில் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது வழக்கம். அதனால் அவர் போனபோது வீடு போகவில்லை. ராத்தாவின் கல்யாணத்துக்காக மூன்று வருட வெள்ளாமையைப் போட்டு வாப்பா கட்டிய கல்வீடு அது. அவள் பேருக்கே எழுதியிருந்தது. வாப்பாவும் உம்மாவும் நானும் அதே வளவின் மறுகோடியில், கிடுகு வேய்ந்த மண் வீட்டில் இருந்தோம்.

அந்தக் கச்சான் முழுவதும் நான் ராத்தாவின் வீட்டிலேயே கிடந்தேன். சீமெந்துத் தரைதான் முதல் காரணம். மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீரைத் தரையில் ஊற்றித் தும்புத்தடியால் தள்ளிவிடுவோம். ஈரம் காய்வதற்குள் இருவரும் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைப்போம். அந்தக் குளிர்ச்சி கன்னத்திலிருந்து பல்லுக்கு இறங்கும். ஒரு கன்னம் சூடாகிவிட்டால் மறு கன்னம். மேற்கு ஜன்னலில் ஒரு சாரனை நனைத்துத் தொங்கவிடுவாள் ராத்தா. கச்சான் அதற்குள்ளால் வரும்போது கடற்காற்றாக மாறி வரும்.

அந்தச் சாரன் அவளுடைய மாப்பிள்ளை விட்டுப்போனது. முதல் நாள் அதை நனைக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றேன்.

"என்னகா பாக்குறாய்? ஆறு வருசத்தில அவரால எனக்குக் குளிர்ச்சி வந்தது இதாலதான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிரித்தேன்.

வெள்ளரிப்பழத்தைத் தென்னோலையில் கட்டி மூலையில் வைப்பாள். அது பழுத்துத் தானாக வெடிக்கிறபோது வீடெல்லாம் வாசம் வரும். வெட்டிச் சீனி தூவி, ஒரே கோப்பையில் இரண்டு கரண்டி போட்டுத் தின்போம். இறக்காமம் பக்கமிருந்து ஒரு பெண் பெட்டியில் பாலைப்பழம் கொண்டு வருவா. சிறிய மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிக்கும், ஆனால் அதன் பால் உதட்டைப் பிசின் போட்டு ஒட்டிவிடும். ஒரு மத்தியானம் ஒரு சுண்டு பழத்தையும் இருவரும் முடித்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து உம்மா வந்து வாசலில் நின்று, "காயப் போட்ட மீனுக்குக் காகம் வந்தத ஆரும் பாத்தீங்களா?" என்று கேட்டா. நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா என்னைப் பார்த்தாள். இருவருக்கும் வாயைத் திறக்க முடியவில்லை. மூக்கால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தலாக் வந்த ஊட்டுல என்ன சிரிப்பு? சனம் என்ன செல்லும்?"

பிறகு தேங்காய் எண்ணெய் தடவி உதட்டைப் பிரித்தோம். ராத்தா என் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "சனம் அழுதாலும் கதைக்கும்" என்றாள்.

கடலுக்குப் போகலாம் என்று கேட்டது நான்தான். இதை இப்போது எழுதுகிறபோது தயக்கம் இல்லை. அன்று சொல்ல முடியாமல் போனது.

கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அலை என்பது கரையை நக்கிவிட்டுப் போவதுதான். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஆனால் குமர்ப்பிள்ளைகள் கடலில் குளிப்பது என்பது ஸபர் மாதக் கடைசியில் வரும் ஒடுக்கத்துப் புதனன்று ஊரோடு சேர்ந்து போகும்போது மட்டும்தான், அதுவும் முழங்கால் தண்ணீரில். நான் நான்கு நாள் ராத்தாவைக் கெஞ்சினேன். அவள் நான்கு நாளும் மறுத்தாள்.

"மாமா கரையில மீன்வாடி போட்டிரிக்கார். கண்டா என்ன நடக்கும் தெரியுமா?"

"சுபஹுக்குப் பிறகு கெதியாப் போய் வந்திரலாம் ராத்தா. அவங்க வலை இழுக்கிறது வெயில் ஏறினாப் பிறகுதானே."

ஐந்தாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு என்னைத் தட்டி எழுப்பினாள். முக்காட்டை இறுக்கிக்கொண்டு, தாழம் பற்றைகளுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையால் நடந்தோம். கரையில் ஒரு நாயைத் தவிர ஆரும் இல்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ராத்தா சட்டையோடும் சாரனோடும் கழுத்தளவு தண்ணீருக்குப் போனாள். போனவள் மல்லாந்து மிதந்தாள். நீந்தத் தெரிந்தவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் சிறுமியாக இருந்தபோது வாப்பா தோணித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். தண்ணீரில் அவள் முக்காடு அவிழ்ந்து தலைமுடி பரந்து கிடந்தது. காதுக்குள் தண்ணீர் போனதால் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"ஆகாசம் மட்டுந்தான் தெரியிதுகா! ஒரு மனிசரும் தெரியல்ல!" என்று கத்தினாள். பிறகு சிரித்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பை நான் எந்தப் பெண்ணிடமிருந்தும் கேட்டதில்லை.

மாமாவும் அதைக் கேட்டார். உம்மாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் அவர். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. அன்று கரைவலைக்கு ஆள் குறைவென்று விடியுமுன்பே வாடிக்கு வந்திருக்கிறார்.

மத்தியானம் வந்தார். உட்காரவில்லை. வாப்பா ஒரு பக்கம், உம்மா ஒரு பக்கம் நிற்க, எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டார். என்னைத்தான் முதலில் கேட்டார்.

"ஆருட யோசின இது?"

அவருடைய கையில் வேலியிலிருந்து ஒடித்த பூவரசங்கம்பு இருந்தது. நான் அந்தக் கம்பைப் பார்த்துக்கொண்டு, "ராத்தாதான் கூப்பிட்ட" என்றேன்.

ராத்தா என் பக்கம் திரும்பினாள். ஒரு கணம்தான். பிறகு மாமாவைப் பார்த்து, "ஓம் மாமா, நாந்தான்" என்றாள்.

அவர் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். கம்பை முற்றத்தில் எறிந்துவிட்டு, "குமர்ப்புள்ளையையும் கெடுக்கப் பாக்குறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் பகலில் ராத்தாவின் வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஆயிற்று.

அடுத்த மாதம் எனக்குச் சம்பந்தம் வந்தது. மருதமுனையில் தறி வைத்திருக்கும் குடும்பம், மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். அவர்கள் கேட்டது இரண்டுதான்: கல்வீடு வேண்டும், மாரிக்கு முன் கல்யாணம் வேண்டும். எனக்கென்று வாப்பா வளவின் தெற்கே அத்திவாரம் போட்டிருந்தார். ஆனால் இறக்காமத்து வயலில் கதிர் முற்றுகிற நேரத்தில் யானைகள் இறங்கி மிதித்துவிட்டுப் போனதால், அந்த வருடம் அத்திவாரத்துக்கு மேல் ஒரு கல்லும் ஏறவில்லை.

பெரியவர்கள் பேசியதை மண் வீட்டின் உள்ளறையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இருக்கிற ஊட்ட எழுதிக் குடுங்க" என்றார் மாமா.

"அது மூத்தவள்ற" என்றார் வாப்பா, மெதுவாக.

"மாப்பிள்ளையும் இல்ல, புள்ளையும் இல்ல, அவளுக்கு என்னத்துக்குக் கல்லூடு? கடலுக்குப் போய்ச் சிரிச்சிட்டு வாறவளத் தனி ஊட்டுல உட்டு வெக்கிறதா? தாய்ட கண்ணுக்கு முன்னால இரிக்கட்டும்."

நான் சொன்ன ஒரு சொல்லை வைத்து மாமா கதையை முடித்துவிட்டார். நான் அப்போதே எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சம்பந்தம் பேச வந்த நாளில் மாப்பிள்ளையை ஓலை இடுக்குக்குள்ளால் பார்த்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மணிக்கூடு கட்டி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சீமெந்துத் தரை என்னுடையதாகப் போகிறது என்ற நினைப்பும் எனக்குப் பிடித்திருந்தது.

பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். கல்வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்து, வீட்டை என் பேருக்கு மாற்றும் உறுதியை வாசித்தார். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"சம்மதந்தானே மகள்?" என்று கேட்டார்.

"ஓம்."

வாப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அடுத்த வெள்ளாமையோட மத்த ஊட்டக் கட்டி ஒனக்குத் தாறன் மகள்."

"ஓம் வாப்பா."

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கைநாட்டு வைக்காமல், உருண்டை எழுத்தில் நிதானமாகப் பேர் எழுதினாள். அன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு தன் சாமான்களை மண் வீட்டுக்கு மாற்றினாள். பெட்டகம் போகவில்லை, அது கல்வீட்டோடு சேர்ந்ததென்று உம்மா சொல்லிவிட்டா. ஒரு தகரப்பெட்டி, இரண்டு பாய், தலையணை. தகரப்பெட்டியின் ஒரு பிடியை அவள் தூக்க, மறு பிடியை நான் தூக்கினேன்.

"பாரமா இரிக்காகா?" என்று கேட்டாள்.

"இல்ல ராத்தா" என்றேன்.

மாரிக்கு முன் எனக்குக் கல்யாணம் நடந்தது. மறுவருடம் கச்சான் வந்தது. லுஹருக்குப் பிறகு நான் தரையில் தண்ணீர் ஊற்றியபோது என் மாப்பிள்ளை வாசலில் நின்று, "என்ன சின்னப்புள்ள வேல இது? ஆராவது வழுக்கி உழுறதுக்கா?" என்றார். வாளியைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்தேன்.

ஒரு நாள் அவர் பகல் சாப்பாட்டுக்குப் பின் படுத்திருக்கும்போது ராத்தா பின்கதவால் வந்தாள். மடிக்குள் வெடித்த வெள்ளரிப்பழம் இருந்தது. குசினிக்குள் உட்கார்ந்து இருவரும் தின்றோம். உம்மா கோழியைத் துரத்திப்போய் முந்தானை முள்ளில் மாட்டிக்கொண்ட கதையை ராத்தா நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். கடலில் சிரித்தது போல இல்லை, ஆனாலும் சிரித்தாள்.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஆரது அங்க கெக்கலி கொட்டுற?"

நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்து, "ராத்தா, கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க. அவர் படுத்திரிக்கார்" என்றேன்.

சொன்னபோது அது எனக்குப் பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை. ராத்தா கையைத் துடைத்தாள். விதையையும் தோலையும் ஓலையில் வழித்து எடுத்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். தன் வீட்டுக் குசினியில் என்ன எங்கே இருக்கும் என்று தெரிந்தவள் வைப்பது போல இல்லை. அயல் வீட்டுக்கு வந்தவள் வைப்பது போல ஓரமாக வைத்தாள். பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அந்த மாதமே இறக்காமத்தில் இருந்த வாப்பாவின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மாமிக்கு வயல் வேலைக்குக் கை தேவைப்பட்டது. "அவளுக்கும் ஒரு போக்காப் போச்சு" என்றா உம்மா. தெற்கே இருந்த அத்திவாரத்தில் எருக்கலை முளைத்தது. வாப்பா அதன்பின் இரண்டு வெள்ளாமை வெட்டினார். இரண்டும் நன்றாகத்தான் விளைந்தன. அந்த வீட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

என் மகளுக்கு எட்டு மாதமானபோது அவளைத் தூக்கிக்கொண்டு இறக்காமம் போனேன். ராத்தா வேலியோரம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். கறுத்துப்போயிருந்தாள். கையெல்லாம் வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் சாரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க. புள்ளையத் தாங்க. இரிங்க" என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பிறந்த நாளிலிருந்து என்னை 'வாகா, போகா' என்று கூப்பிட்டவள். முகத்தில் வேடிக்கை இல்லை. கோபமும் இல்லை. பாயை விரித்தாள், செம்பில் தண்ணீர் தந்தாள், பிள்ளையை மடியில் வைத்து ஈ விரட்டினாள்.

"ராத்தா, ஊட்டுக்கு வாங்க ராத்தா" என்றேன்.

"ஆருட ஊட்டுக்கு?" என்று கேட்டாள். வழி தெரியாதவர் வழி கேட்பது போலத்தான் கேட்டாள்.

அழுதுகொண்டு சொன்னேன்: "அண்டைக்கு மாமாக்கிட்ட நான் பொய் செல்லிட்டன் ராத்தா."

"தெரியுந்தானே. நானும் பக்கத்திலதானே நிண்ட."

"அப்ப ஏன் ஒண்ணும் செல்லல்ல?"

பிள்ளையின் கையை விரித்து மூடிக்கொண்டிருந்தாள். "செல்லியிருந்தா ஒங்களுக்கு அடி விழுந்திருக்கும். ஊடு எப்புடியும் போயிருக்கும்" என்றாள். அப்போதும் 'ஒங்களுக்கு' என்றுதான் சொன்னாள்.

மாமி சோறு போட்டா. ராத்தா எருமைத் தயிர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்திவைத்து, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று இரண்டு தரம் சொன்னாள். நான் வயிறு நிறையத் தின்றேன். தின்னக் கூடியதாக இருந்தது என்பதை நினைக்கத்தான் இப்போதும் கசக்கிறது. வெயில் தாழ்ந்ததும் மாட்டுக் கரத்தைக்கு நேரமாகிவிட்டது என்று அவளே என்னை எழுப்பி, பிள்ளையைத் துணியில் சுற்றித் தந்து, வேலிக் கடப்படி வரைக்கும் வந்தாள். அதற்கு அப்பால் வரவில்லை.